ஐந்து நூல் மூட்டைகள்

வண்டியின் வயிற்றுக்கு அடியில் என்னவோ கிழிந்தது.

ஹேமநாதன் பிரேக்கை மிதிப்பதற்குள் வண்டி தானாகவே நின்றுவிட்டது. ஓடையின் நட்ட நடுவில். முன்சக்கரங்கள் பாறையைத் தாண்டிவிட்டன, பின்சக்கரங்கள் தாண்டவில்லை, வயிறு சாவகாசமாகப் பாறைமேல் உட்கார்ந்துகொண்டது. ஆக்ஸிலேட்டரை அழுத்திப் பார்த்தான். நாலு சக்கரமும் மணலை வாரி இறைத்தன. வண்டி ஒரு விரற்கடைகூட நகரவில்லை.

வெள்ளிக்கிழமை. காலை ஏழே முக்கால். பக்கத்துச் சீட்டில் அவனுடைய அக்கா துர்கா. திருத்தணி அரசு ஆஸ்பத்திரியில் பத்து மணிக்கு அவளை டயாலிசிஸ் மெஷினில் போட வேண்டும். பத்தரை வரை பார்ப்பார்கள். அதற்குமேல் வரிசையில் அடுத்த ஆளை ஏற்றிவிடுவார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. அடுத்த ஆளுக்கும் சிறுநீரகம் இல்லை.

"எறங்கித் தள்ளட்டுமாடா?" என்றாள் துர்கா.

ஹேமநாதனால் சிரிக்க முடியவில்லை. அவள் கால் இரண்டும் வீங்கி, செருப்பின் வார் சதைக்குள் புதைந்திருந்தது.

டிராக்டர் வந்து கயிறு கட்டி இழுத்தபோது மணி பத்து. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது பதினொன்றரை. மெஷின் கிடைத்தது மறுநாள் காலையில்தான். நடுவில் ஒரு ராத்திரி. படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று துர்கா தம்பி வீட்டுக் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்தபடியே விடியும்வரை இருந்தாள். ஹேமநாதன் எதிரில் உட்கார்ந்து அவள் மூச்சை எண்ணிக்கொண்டிருந்தான். வேறு என்ன செய்வது என்று அவனுக்குத் தெரியவில்லை.

அந்த ராத்திரியில்தான் அந்த எண்ணம் வந்தது. வண்டியைத் தூக்கிவிட்டால் என்ன?

*

ஹேமநாதனுக்கு நூல் வியாபாரம். மூட்டையாக வரும் நூலை ஆர்.கே.பேட்டை பக்கத்துத் தறிக்காரர்களுக்குக் கொடுத்து, லுங்கியாகத் திரும்ப வாங்கி, மொத்தக் கடைகளுக்கு அனுப்புவான். இருபது வருஷத் தொழில். உலகத்தில் எந்தக் கனமும் அவனுக்கு மூட்டைக் கணக்கில்தான் புரியும். மூட்டை ஒன்றுக்கு ஐம்பது கிலோ. கல்யாணப் பந்தியில் எதிர் இலைக்காரரைப் பார்த்து, இவர் ஒண்ணே முக்கால் மூட்டை தேறுவார் என்று மனதுக்குள் எடை போடுகிற ஆசாமி.

துர்கா அவனைவிட ஆறு வயது மூத்தவள். கொல்லகுப்பத்தில் வாழ்க்கைப்பட்டவள். ஆந்திர எல்லை மலையடிவாரத்தில் நாற்பது வீடு, எல்லா வீட்டிலும் விசைத்தறி. ஊருக்கு ஒரே வழி, அந்த ஓடைமேல் போன தரைப்பாலம். போன வருஷ வெள்ளத்தில் பாலம் போய்விட்டது. புதுப் பாலத்துக்குப் பூஜை போட்டுப் பதினொரு மாதம் ஆகிறது. பூஜைக்கு நட்ட மூங்கில் மட்டும் துளிர்விட்டு நன்றாக இருக்கிறது. ஆம்புலன்ஸ் அக்கரையோடு சரி. ஓடைக்குள் இறங்கி, பாறைகளுக்கு நடுவே நெளிந்து ஏறுகிற வண்டிதான் இக்கரைக்கு வர முடியும்.

அதற்காகத்தான் ஹேமநாதன் தன் பழைய காரை விற்றுவிட்டு, நாலு சக்கரத்துக்கும் இழுவை போகிற இந்த வண்டியை இரண்டாம் கையாக வாங்கினான். செவ்வாய், வெள்ளி இரண்டு நாளும் விடியலில் வந்து அக்காவை ஏற்றிக்கொண்டு போவான். மாலையில் கொண்டுவந்து விடுவான்.

பேசாமல் திருத்தணியில் எங்கள் வீட்டிலேயே தங்கிவிடு என்று அவன் எத்தனையோ தடவை சொல்லியாயிற்று. அவன் மனைவி சுசித்ராவும் கெஞ்சிப் பார்த்தாள். துர்காவிடம் அதற்கு ஒரே பதில்தான் இருந்தது. "வாரத்துல ரெண்டு நாளை மெஷினுக்குக் குடுத்துட்டேன். மிச்சம் அஞ்சு நாளு. அதையாவது என் ஊட்ல இருந்துக்கறேன், வுடுங்க."



*

அரக்கோணம் ரோட்டில் குமரவேலின் ஒர்க்‌ஷாப். அவன் வண்டியைத் தூக்கி நிறுத்தி, அடியில் டார்ச் அடித்துப் பார்த்தான். எண்ணெய்த் தொட்டிக்கு அடியில் இருந்த தகடு கிழிந்து தொங்கியது. தொட்டி தப்பித்தது பெரிய விஷயம் என்றான்.

ஹேமநாதன் விஷயத்தைச் சொன்னான். இரண்டு அங்குலம் உயர்த்த வேண்டும்.

குமரவேல் கையைத் துடைத்துக்கொண்டே யோசித்தான். செய்யலாம், ஸ்பிரிங்குக்கு மேலே கட்டை கொடுத்து நாலு பக்கமும் ஏற்றிவிடலாம், அது அரை நாள் வேலை. ஆனால் செய்யாமல் இருப்பது நல்லது. சக்கரத்துக்குப் போகிற ஷாஃப்ட் இப்போது நேராகப் போகிறது. வண்டியைத் தூக்கினால் சாய்ந்து போகும். மூட்டில் இருக்கிற ரப்பர் உறை கிழியும், உள்ளே இருக்கிற கிரீஸ் கொட்டும், ஒரு நாள் ஷாஃப்டே கையை விரிக்கும். சாதாரண வண்டியில் முன்னால் மட்டும்தான் அந்தத் தொல்லை. இதில் நாலு சக்கரத்திலும் உண்டு. வளைவில் வண்டி முன்னைவிடச் சாயும். போலீஸ் ரோட்டில் நிறுத்திப் பார்த்தால் அபராதம். இடித்துவிட்டால் இன்ஷூரன்ஸ்காரன் முகம் கொடுத்துப் பேச மாட்டான்.

"அப்ப வேணாங்கறியா?" என்றான் ஹேமநாதன்.

"நான் வேணான்னு சொல்லலணா. வேணும்னும் சொல்லல. அந்தப் பாறையை நீங்கதான் பாக்கறீங்க, நான் பாக்கல."

இதைவிட மோசமான பதில் இருக்க முடியாது. முடியாது என்றிருந்தால் கோபித்துக்கொண்டு வேறு ஒர்க்‌ஷாப் போயிருக்கலாம். செய்வோம் என்றிருந்தால் பழியை அவன் தலையில் போட்டிருக்கலாம். முடிவு பந்து மாதிரி மறுபடி ஹேமநாதன் மடியிலேயே வந்து விழுந்தது.

ஒரு வாரம் அதைத் தூக்கிக்கொண்டு அலைந்தான். டீக்கடையில் ஆளுக்கொரு யோசனை. தூக்காதே, டயரை மட்டும் பெரிதாகப் போடு என்றார் ஒருவர். தூக்கு, ஆனால் நாலு அங்குலம் தூக்கு என்றார் இன்னொருவர். அவரிடம் சைக்கிள்கூடக் கிடையாது. துர்காவின் புருஷன் ராஜகோபாலுக்கு மட்டும் சந்தேகமே இல்லை. "டிராக்டர் ஏன் மச்சான் போவுது? ஒசரமா கீது, போவுது. இதுல யோசிக்க இன்னா கீது?" என்று போனிலேயே தீர்ப்பு எழுதிவிட்டார்.

சுசித்ரா, வண்டியைத் தூக்கினால் இன்ஷூரன்ஸ் போகும் என்றாள். தூக்காவிட்டால் அண்ணி போய்விடுவார்கள் என்று அவளே அடுத்த மூச்சில் சொல்லி, சொன்னதற்காக வாயைப் பொத்திக்கொண்டாள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை ராஜகோபால் ஓடைக்குள் முன்னால் நடந்து, கையால் ஜாடை காட்டி, வண்டியை அங்குலம் அங்குலமாகக் கடத்தினார். புதிதாக மாற்றியிருந்த தகடு இரண்டு இடத்தில் உரசியது. ஒவ்வொரு உரசலுக்கும் துர்கா கண்ணை மூடித் திறந்தாள். கடப்பதற்கு மட்டும் நாற்பது நிமிஷம். பத்து இருபத்தைந்துக்கு ஆஸ்பத்திரி வாசல். ஐந்து நிமிஷத்தில் தப்பித்தது. மழை இன்னும் சரியாக ஆரம்பிக்கவே இல்லை.

புதன்கிழமை ஹேமநாதன் திருத்தணி முருகன் மலை ஏறினான். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். வெள்ளை வந்தால் வண்டியைத் தொடுவதில்லை, சிவப்பு வந்தால் தூக்கிவிடுவது. சன்னதியில் வைத்துக் கும்பிட்டுவிட்டு, வரிசையில் பின்னால் நின்ற குழந்தையை ஒன்றை எடுக்கச் சொன்னான். பிரித்துப் பார்த்தான்.

சிவப்பு.

இறங்கி வரும்போது மனசு லேசாக இருந்தது. ஒரு வாரத்தில் முதல் தடவையாகப் பசித்தது.

*

சனிக்கிழமை வண்டி ஒர்க்‌ஷாப்பில். கட்டைகள் ஏறின. வண்டி எழுந்து நின்றபோது ஹேமநாதனுக்கே நெஞ்சு நிமிர்ந்தது. குனிந்து அடியில் பார்த்தான். அப்போதுதான் கண்ணில் பட்டது, இரண்டு பக்கமும் கதவுக்குக் கீழே ஓடிய கால்படி. அலுமினியத்தில் பளபளவென்று, வண்டி முழுக்க உயர்ந்த பிறகும் தான் மட்டும் கீழே தொங்கிக்கொண்டு.

"இது கல்லுல தட்டுமே?"

"மொதல்ல தட்றதே அதாண்ணா."

"கழட்டிடு."

குமரவேல் எட்டு போல்ட்டைக் கழற்றினான். இன்னும் மூன்று விரற்கடை இடம் கிடைத்தது. கழற்றிய படிகளைச் சுவர் ஓரமாகச் சாத்தி வைத்தான். யாரும் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கொல்லகுப்பத்தில் சோதனை. அக்காவை வைத்துக்கொண்டு சோதனை பார்க்கக்கூடாது என்பதில் ஹேமநாதன் உறுதியாக இருந்தான். வெறும் வண்டியை ஓட்டிப் பார்ப்பதும் சோதனை இல்லை. ஆள் ஏறினால் வண்டி இறங்கும். அதனால் ராஜகோபால் வீட்டிலிருந்த நூல் மூட்டைகளை எடுத்து, ஆளுக்கொரு மூட்டை என்று வண்டியில் போட்டார்கள். பின் சீட்டில் மூன்று, டிக்கியில் ஒன்று. துர்கா உட்காருகிற முன் சீட்டில் ஒன்று. பிரேக் போட்டால் விழுந்துவிடும் என்று அதற்கு சீட் பெல்ட்கூட மாட்டினான்.

ஊரே ஓடைக்கரையில். துர்கா பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு வேடிக்கை பார்த்தாள். ஓடையில் கணுக்கால் தண்ணீர். வண்டி இறங்கியது, பாறைமேல் ஏறியது, ஒரு உரசல் இல்லாமல் அக்கரை போய்த் திரும்பி வந்தது. மூன்று தடவை. மூன்றாவது தடவை ஊர் கை தட்டியது.

ஹேமநாதன் இறங்கி வந்தான். துர்கா முன் சீட்டு மூட்டையைப் பார்த்தாள்.

"அதான் நானா?"

"ஆங்."

"இத்தினி வருசத்துல எனக்கு ஒரு நாளு பெல்ட்டு மாட்டி வுட்டிருப்பியாடா நீ?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ராஜகோபாலுக்கு உற்சாகம் தாங்கவில்லை. மூட்டையை இறக்கிவிட்டு, நீ ஏறி ஒரு ரவுண்டு போய் வா என்றார் மனைவியிடம். துர்கா கையை அசைத்தாள். வெயில் ஏறிவிட்டது, செவ்வாய்க்கிழமை ஏறத்தானே போகிறேன் என்றாள்.

இரண்டு பேர் மூட்டைகளைத் தூக்கிக் கீழே எறிந்தார்கள். ஏற்றியதும் அப்படித்தான். ஆளுக்கொரு முனையைப் பிடித்து, ஒரு வீச்சு, உள்ளே.

*

திங்கட்கிழமை மழை. செவ்வாய் விடியலிலும் விடவில்லை. ஹேமநாதன் ஓடைக்கு வந்தபோது மணி ஆறே முக்கால். தண்ணீர் முட்டி அளவு. போன வாரத்து வண்டியாக இருந்தால் யோசித்திருப்பான். இன்று இறங்கினான், ஏறினான், அவ்வளவுதான். ஓடை நடுவில் ஊர்க்காரர்கள் சுண்ணாம்பில் வேல் வரைந்து வைத்த அடையாளப் பாறை ஒன்று உண்டு. அந்த வேல் முழுசாகத் தெரிந்தால் வண்டி போகலாம் என்பது ஊர்க் கணக்கு. முழுசாகத் தெரிந்தது.

வாசலில் ராஜகோபால் குடையோடு நின்றுகொண்டிருந்தார். கையில் போன். மலைக்கு அந்தப் பக்கம், ஆந்திராவில், ஏரி நிரம்பி இப்போதுதான் கலங்கல் வழியாக வழிய ஆரம்பித்திருக்கிறதாம். தண்ணீர் ஓடைக்கு வந்து சேர அரை மணி, முக்கால் மணி ஆகும்.

"அஞ்சு நிமிசத்துல தாண்டிடுவோம் மச்சான். தாராளம்."

துர்கா வந்தாள். வெள்ளிக்கிழமைக்கும் செவ்வாய்க்கிழமைக்கும் நடுவில் மூன்று முழு நாள். வாரத்தில் அதுதான் நீளமான இடைவெளி. அவள் உடம்பில் தண்ணீர் அதிகம் தங்குவதும் அப்போதுதான். கால் இரண்டும் நனைந்த பஞ்சு மூட்டை மாதிரி இருந்தன. நாலு எட்டு நடந்து நின்று மூச்சு வாங்கி, மறுபடி நாலு எட்டு. கதவை ஹேமநாதன் திறந்து பிடித்தான்.

அவள் வலது காலைத் தூக்கினாள். கால் வழக்கமாகப் படி இருக்கும் இடத்தைத் தேடியது. அங்கே ஒன்றும் இல்லை. மழைதான் பெய்துகொண்டிருந்தது.

இன்னும் கொஞ்சம் தூக்கினாள். சீட்டின் அடித்தட்டு அவள் தொடைக்கு மேலே இருந்தது.



முன்பெல்லாம் அவள் படிமேல் ஒரு காலை வைத்து, வலது கையால் சீட்டின் முதுகைப் பிடித்து, மெல்லத் திரும்பி உட்கார்ந்துவிடுவாள். இடது கையை எதற்கும் பயன்படுத்தக்கூடாது. முழங்கைக்குக் கீழே ரத்தக் குழாய் இரண்டை ஆபரேஷன் செய்து இணைத்திருக்கிறார்கள். மெஷினுக்கு ஊசி போடுவது அதில்தான். அந்தக் கையைப் பிடித்து இழுக்கக்கூடாது, அதில் பாரம் கொடுக்கக்கூடாது. ஆனால் இந்தக் கதவில் ஏறுகிறவருக்கு எட்டுகிற கைப்பிடி முன்பக்கம்தான் இருக்கிறது. இடது கை பக்கம்.

"தூக்கிடலாம்" என்றார் ராஜகோபால். தூக்கினார்கள். அக்குளுக்கு அடியில் ஹேமநாதன், முட்டிக்கு அடியில் அவர். வயிறு மடங்கியதும் துர்காவுக்கு மூச்சு அடைத்தது. கண் மேலே போயிற்று. பயந்துபோய் இறக்கிவிட்டார்கள். மூச்சு திரும்ப ஐந்து நிமிஷம் ஆயிற்று.

பிளாஸ்டிக் ஸ்டூல் வந்தது. வாசல் சேற்றில் அதன் ஒரு கால் புதைந்து சாய, துர்கா வழுக்கி, வண்டியின் விளிம்பில் முழங்கால் எலும்பு இடித்தது. தோல் உரிந்து ரத்தம் வந்தது. டயாலிசிஸ் உடம்பில் ரத்தம் லேசில் நிற்காது. துணியை வைத்து அழுத்திக்கொண்டு அவள் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். எழுந்திருக்க இன்னொரு ஏழெட்டு நிமிஷம்.

கடைசியில் ராஜகோபால் தறிக் கொட்டகைக்குள் ஓடி, தேக்குப் பலகை பெஞ்சை இழுத்து வந்தார். பெஞ்சுமேல் முதலில் உட்கார வைத்து, பிறகு நிற்க வைத்து, பிறகு திருப்பி, பிறகு சீட்டில். ஒவ்வொன்றுக்கும் நடுவில் மூச்சு. துர்கா ஒரு தடவைகூட முனகவில்லை. ஏறி உட்கார்ந்ததும் பெல்ட்டைத் தானே இழுத்து மாட்டிக்கொண்டாள்.

மணி ஏழு முப்பத்தைந்து.

ஹேமநாதன் ஓடைக்கரைக்கு வந்து பிரேக்கை மிதித்தான்.

வேல் இல்லை. பாறையும் இல்லை. பாறை இருந்த இடத்தில் தண்ணீர் ஒரு சுழி போட்டுத் திரும்பிப் போய்க்கொண்டிருந்தது. செம்மண் நிறத்தில், இரைச்சலோடு, ஒரு முழு வேப்பங்கிளையைச் சுமந்துகொண்டு.

"ஏறும் மச்சான். வண்டி ஒசரமாதானே கீது. வுடு" என்றார் பின் சீட்டிலிருந்து ராஜகோபால். குரலில் ஞாயிற்றுக்கிழமை உறுதி இல்லை.

இருபது நிமிஷம் முன்னால் வந்திருந்தால் இந்நேரம் ஆர்.கே.பேட்டை தாண்டியிருப்போம். ஹேமநாதன் கியரைப் போட்டான். முன்சக்கரங்கள் இறங்கின. தண்ணீர் பம்பரைத் தொட்டது, ஏறியது. இன்னும் இரண்டு அடி. திடீரென்று ஸ்டியரிங் கையில் லேசாயிற்று. பஞ்சு மாதிரி. முன்பக்கத்துக்குத் தரை போய்விட்டது என்று அவனுக்குப் புரிய ஒரு வினாடி பிடித்தது. வண்டியின் மூக்கு மெல்ல இடது பக்கம், தண்ணீர் போகிற பக்கம், திரும்ப ஆரம்பித்தது.

"பின்னாடி எட்றா" என்றாள் துர்கா. சத்தம் போடவில்லை. கடையில் துணியைத் திருப்பிக் கொடுக்கச் சொல்கிற குரல்.

ரிவர்ஸ். பின்சக்கரங்கள் கரையைக் கடித்துக்கொண்டு நின்றன. ஏதோ ஒன்று 'டக்' என்று அடியில் அறுந்தது. வண்டி முக்கி முனகி வெளியே வந்தது. நாலு சக்கர இழுவையும் இரண்டு அங்குலமும் அவனுக்குச் செய்த ஒரே உபகாரம் அதுதான், புறப்பட்ட வாசலிலேயே கொண்டுவந்து நிறுத்தியது.

*

அடுத்த இரண்டு மணி நேரம் மூன்று போன்களும் ஓயவில்லை.

சுசித்ரா ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். துர்காவுக்கு அடுத்து இரண்டரை மணிக்குப் போட வேண்டிய கனகம்மாசத்திரத்துக்காரர் ஒருவர் முன்கூட்டியே வந்து உட்கார்ந்திருந்தார். அவர் பத்து மணிக்குப் போட்டுக்கொள்ள ஒப்புக்கொண்டார். ஆக, இரண்டரை. அதற்குள் வந்தால் உண்டு. இல்லையென்றால் நாளை. நாளை ஓடை எப்படி இருக்கும் என்று யாருக்கும் தெரியாது.

ஆம்புலன்ஸ் அக்கரைக்கு வந்து நின்றது. வெள்ளையாக, எட்டாத தூரத்தில். ஹேமநாதன் கரையில் நின்று அதைப் பார்த்தான். உள்ளே இருந்தவர்களும் இவனைப் பார்த்தார்கள். கையை அசைப்பதா வேண்டாமா என்று இரண்டு பக்கமும் தெரியவில்லை.

துர்கா வண்டியிலேயே இருந்தாள். இறங்கினால் மறுபடி ஏற வேண்டும். சீட்டைச் சாய்க்க முடியவில்லை. சாய்த்தால் மூச்சு முட்டுகிறது. ஹேமநாதன் ஜன்னல் பக்கம் வந்து நின்றான்.

"அக்கா. பூ கேட்டேன். செவப்புதான் வந்துச்சு."

துர்கா அவனைப் பார்த்தாள். "முருகனும் மூட்டையத்தான் கணக்குல வெச்சிகினான் போல."

அவள் சிரித்தாள். சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்க நேரமாயிற்று. ஹேமநாதன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். மழையில் நிற்பது ஒரு வகையில் சௌகரியமாக இருந்தது.

ஜேசிபி வந்தது பதினொன்றேகாலுக்கு. அக்கரையில் ஏரிக்கரை உடைப்பை அடைத்துக்கொண்டிருந்த வண்டி. டிரைவர் விஜயன் இளைஞன். முதலாளியிடம் கேட்காமல் இறக்க மாட்டேன் என்று ஒரு மணி நேரம் பிடிவாதம் பிடித்தவன், பிறகு கேட்காமலேயே இறக்கிவிட்டான். ஆள் உயரச் சக்கரம். தண்ணீர் அதன் அச்சைத் தாண்டி ஏற, அது கம்பீரம் ஒன்றும் இல்லாமல், நொண்டிக்கொண்டே இக்கரை ஏறி வீட்டு வாசலுக்கு வந்தது. முன்னால் இருந்த மண் அள்ளும் வாளியைத் தரையோடு தரையாகப் படுக்க வைத்தான்.

அதன் விளிம்பு தரையிலிருந்து நாலு விரற்கடை. அவ்வளவுதான்.

பெஞ்சு வைத்து துர்காவை இறக்கினார்கள். ஞாயிற்றுக்கிழமை நாற்காலியை வாளிக்குள் போட்டார்கள். துர்கா நடந்து போய், பூஜை அறை வாசலைத் தாண்டுகிற மாதிரி ஒரு காலைத் தூக்கி வைத்தாள். அடுத்த காலையும் வைத்தாள். உட்கார்ந்தாள்.

"இன்னும் ஒரு ஆள்தான். திரும்பி வர மாட்டேன், தண்ணி ஏறிகினே கீது" என்றான் விஜயன்.

ராஜகோபால் ஹேமநாதனைப் பார்த்தார். ஹேமநாதன், நீங்க போங்க பாவா என்றான். வேறு என்ன சொல்ல முடியும்? அவர் புருஷன். ராஜகோபால் சாவிக்கொத்தை அவன் கையில் திணித்துவிட்டு ஏறினார்.

வாளி உயர்ந்தது. தண்ணீருக்கு மேலே, மழைக்குள், நாற்காலியில் உட்கார்ந்தபடி துர்கா போய்க்கொண்டிருந்தாள். இடது கையை மார்போடு அணைத்து, வலது கையால் வாளியின் ஓரத்தைப் பிடித்து. நடு ஓடையில் ஜேசிபி ஒரு பக்கம் சரிந்து நின்றபோது ஹேமநாதன் தன்னையறியாமல் தண்ணீருக்குள் முட்டி வரை இறங்கியிருந்தான். இறங்கி என்ன செய்திருப்பான் என்று கேட்டால் அவனுக்கே தெரியாது. ஜேசிபி மறுபடி நகர்ந்தது. ஆம்புலன்ஸ் கதவு திறந்தது, மூடியது, போயிற்று.

*

மூன்று மணிக்கு போன் வந்தது.

"மெஷின்ல போட்டுட்டாங்கடா."

"ஆங். கால்ல ரத்தம் நின்னுச்சா?"

"நின்னுச்சு. சுசித்ரா கட்டு போட்டா." பின்னால் மெஷின் சத்தம் சீராகக் கேட்டது. "மழை இன்னும் நாலு நாளு கீதாம். டிவில சொல்லிகினு இருக்கறான்."

ஹேமநாதன் ஓடைப் பக்கம் திரும்பிப் பார்த்தான்.

"உன் ஊட்டுக்குத்தான் போவணும். வேற இன்னா பண்றது" என்றாள் துர்கா. பிறகு வேகமாகப் பேசினாள். ஆட்டுக்குத் தழை வைக்க வேண்டும். ரெண்டாவது தறிக்கு மேலே ஒழுகும், பாவு நூல்மேல் தார்ப்பாய் போட வேண்டும். இன்றைக்குச் செவ்வாய்க்கிழமை, விளக்கேற்ற வேண்டும், எண்ணெய் கீழ்த்தட்டில் இருக்கிறது. வீட்டின் ஒவ்வொரு மூலையையும் ஒரு தடவை தொட்டுவிட்டு வந்தது அவள் குரல். கடைசியில் நின்றது.

"வண்டி இன்னா ஆச்சு?"

"நிக்குதுக்கா."

"நல்லா ஒசரமா நிக்குதா?"

அவள் கேலி செய்கிறாளா என்று அவனால் கண்டுபிடிக்க முடியவில்லை. போன் துண்டிக்கப்பட்டது.

வண்டியை அவன் முன்பே பார்த்துவிட்டான். முன்சக்கரத்துக்கு உள்பக்கம் ரப்பர் உறை கிழிந்து, கறுப்பு கிரீஸ் சேற்றில் சொட்டியிருந்தது. படம் எடுத்து குமரவேலுக்கு அனுப்பினான். ஒரே வரியில் பதில் வந்தது. அதைத் தொடாதீங்கணா, அங்கியே நிக்கட்டும்.

ஆட்டுக்குத் தழை வைத்தான். தார்ப்பாயை விரித்தான். விளக்கேற்ற இன்னும் நேரம் இருந்தது. அக்கா வீட்டு வாசலுக்கு வந்து நின்றான். எதிரில் வண்டி. அவன் நெஞ்சை நிமிர்த்திய அந்த உயரத்தோடு. பெஞ்சை யாரோ ஓரமாக இழுத்துப் போட்டிருந்தார்கள்.

ஹேமநாதன் இடது பக்கக் கதவைத் திறந்தான். இடது கையை மடக்கி மார்போடு அணைத்துக்கொண்டான். வலது காலைத் தூக்கினான். ரொம்பத் தூக்கக்கூடாது, அவளால் முடிகிற அளவுக்குத்தான். எட்டவில்லை. இன்னொரு தடவை முயன்றான். சேற்றில் ஊன்றியிருந்த கால் வழுக்கியது. பழக்கத்தில் இடது கை தானாக நீண்டு கைப்பிடியைப் பிடித்துக்கொண்டது.

கையை விடுவித்து, மறுபடி மார்போடு வைத்துக்கொண்டு, ஆடு பார்த்துக்கொண்டிருக்க, மூன்றாவது தடவையாகக் காலைத் தூக்கினான்.